நம் இல்லத்தின் வண்ணமும் கைவேலையும்

வடகிழக்குப் பருவமழை சற்றே ஓய்ந்து, கிறிஸ்து பிறப்பு விழா நெருங்கிவரும் நாள்களில், நம் பங்குகளில் ஏறத்தாழ எல்லா இல்லங்களிலும் ஒரே பேச்சு எழுவதைக் காணலாம். இவ்வாண்டு சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பதா, வண்ணம் பூசுவதா? வண்ணமாயின் எந்த வண்ணம்? தந்தையார் கடையிலிருந்து வண்ண அட்டையைக் கொணர்கிறார். பிள்ளைகள் ஆளுக்கொரு கட்டத்தின்மீது விரலை வைக்கின்றனர். எதிர்வீட்டு முன்னறையைக் காட்டிலும் நம் முன்னறை மங்கலாய்த் தோன்றலாகாதே என்பது தாயாரின் கவலை. அவ்வறையிலேயே நாள் முழுதும் அமர்ந்திருக்கப்போகும் பாட்டியாரை மட்டும் எவரும் கேட்பதில்லை. ஒருவாறு கட்டம் ஒன்று தெரிந்தெடுக்கப்படுகிறது. கடையிலுள்ள இயந்திரம் அந்த எண்ணுக்குரிய வண்ணத்தைக் கலந்து தருகிறது. பூசி முடித்த பின்னரோ, "அட்டையில் பார்த்தது இதுவன்றே!" என்னும் ஏமாற்றம்.

அட்டை பொய் சொல்லவில்லை. அதைப் பார்க்கும் முறையில்தான் பிழை. விரல்நுனி அளவுள்ள கட்டத்தில் மென்மையாய்த் தோன்றும் ரோஜா நிறம், நான்கு சுவர்களிலும் பரவி, ஒரு சுவரின் சாயல் மற்றொரு சுவரின்மேல் விழும்பொழுது மிகுந்த அழுத்தம் பெற்றுவிடுகிறது. அந்தச் சாயல் சுவரோடு நிற்பதுமில்லை. தரையிலும், வெள்ளைத் துணியிலும், அமர்ந்திருப்போர் முகத்திலும் படிகிறது. கிளிப்பச்சைச் சுவர்களின் நடுவே, குழல்விளக்கின் ஒளியில், நலமுள்ள மனிதரும் நோயுற்றவர் போலத் தோன்றுவதை நாம் பல இல்லங்களில் கண்டிருக்கிறோம்.

ஆகவே, முழு வாளி வண்ணம் வாங்குமுன் மிகச் சிறிய டப்பா ஒன்றை வாங்கி, ஈரடிச் சதுர அளவில் இரண்டு இடங்களில் பூசிப் பார்த்தல் நன்று. ஒன்று, சாளரத்திற்கு எதிர்ச்சுவரில். மற்றொன்று, சாளரம் அமைந்துள்ள சுவரிலேயே. வெளியொளி நேரே விழும் சுவரும், ஒளிக்குப் புறங்காட்டி நிற்கும் சுவரும் ஒரே வண்ணத்தை இரு வேறு வண்ணங்களாகக் காட்டும். ஈரத்தில் தோன்றும் நிறத்தை நம்பலாகாது. நன்கு உலர்ந்த பின்னர்க் காலையில் ஒரு முறை, நண்பகலில் ஒரு முறை, விளக்கேற்றிய பின் ஒரு முறை பார்க்கவேண்டும். குடும்பம் முழுதும் கூடும் நேரம் மாலையாதலால், விளக்கொளியில் காண்பதற்கே முதலிடம் தருவது பொருந்தும். மஞ்சளொளி தரும் விளக்கு நீலத்தைச் சோர்வுறச் செய்யும்; வெண்ணொளி விளக்கு சந்தன நிறத்தை வெளிறச் செய்யும். விளக்கை மாற்றும் எண்ணமிருப்பின், சுவருக்கு முன் விளக்கை மாற்றிவிடுவதே முறை.

மேலை நாட்டு இதழ்களில் வெளிவரும் அறைகளின் படங்களைக் கண்டு மயங்குவோரும் உளர். அடர்பழுப்பும் அரக்கும் பூசிய அந்த அறைகள் குளிரில் உறைந்த ஊர்களுக்கு ஏற்றவை. அங்கே மக்கள் வேண்டுவது கதகதப்பு. நம் ஊரில் பிற்பகல் வெயில் மேற்குச் சுவரைச் சுட்டு, இரவு வெகுநேரம் வரையில் அவ்வெம்மையை உள்ளே விடுகிறது. வெளிச்சுவரின் வண்ணம் எவ்வளவு வெளிறியதோ அவ்வளவுக்கு அது வெயிலைத் திருப்பி அனுப்பும். மொட்டைமாடித் தளத்திற்கு வெண்சுண்ணாம்பு பூசும் நம் பழைய வழக்கம் இக்காரணம் பற்றியதே. உள்ளேயும், சாளரம் குறைந்த நடு அறைக்குத் தந்த நிறமோ வெளிர் மஞ்சளோ உதவும். கூரையின் உட்புறம் வெண்மையாயிருத்தல் வேண்டும். வெயில் நேரே வந்து விழும் அறைக்கு வெளிர்நீலமும் இளம்பச்சையும் கண்ணுக்கு இதம். இவற்றுக்குமேல் விதிகள் வகுக்க நாம் விரும்பவில்லை.

ஒன்றை மட்டும் அழுத்தமாய்ச் சொல்வோம். சுவர் அமைதியாயிருக்கட்டும், வண்ணம் பொருள்களில் இருக்கட்டும். அப்பொருள்களும் கையால் செய்யப்பட்டவையாய் இருக்கட்டும். சுவருக்குப் பூசியதை ஐந்தாறு ஆண்டுகளுக்கு மாற்ற இயலாது. பாயை, திரையை, கூடையை, விரிப்பை வேண்டும்போது மாற்றலாம், இடம் பெயர்க்கலாம், மகள் மணமாகிச் செல்கையில் கொடுத்தனுப்பலாம். செலவுக் கணக்கிலும் இதுவே சிக்கனம். முன்னறைக்கு மின்னும் வண்ணம் பூசுவதற்காகக் கடன்பட்டுவிட்டு, அதே அறையில் நெகிழிப் பூக்களையும் அச்சடித்த காட்சிப் படங்களையும் நிறைத்து வைக்கும் இல்லங்களைக் காணும்போது நமக்கு வருத்தமே மேலிடுகிறது.

ஒரு வண்ணத்தின் அருகே எந்த வண்ணத்தை வைப்பது என்பது பலரையும் குழப்பும் கேள்வி. பாரிஸ் நகரில் கோபெலின் என்னும் புகழ்பெற்ற திரைச்சீலை நெசவாலை உண்டு. அதன் சாயப் பிரிவின் தலைமையை 1824-இல் ஏற்றவர் ஷெவ்ரெல் என்னும் வேதியியல் அறிஞர். நீலமும் ஊதாவுமான சீலைகளில் நிழலுக்கென நெய்யப்படும் கறுப்பு நூல் போதிய கருமையுடன் இல்லை என்னும் முறையீடு அவரிடம் வந்தது. அவர் நூலைச் சோதித்தார். சாயத்தில் ஒரு குறையுமில்லை. அருகிலிருந்த நீலமும் ஊதாவுமே கறுப்பின் வலிமையைக் குறைத்துக் காட்டின என்று கண்டார். அடுத்தடுத்து அமையும் வண்ணங்கள் ஒன்றையொன்று மாற்றிக் காட்டும் இவ்வியல்பைப் பற்றி அவர் 1839-இல் பெரிய நூலொன்றை வெளியிட்டார்.

நம் நெசவாளரும் இதை அறிந்தவர்களே. நூல் எழுதவில்லை, அவ்வளவே! பாவில் ஒரு நிறமும் ஊடையில் வேறு நிறமும் ஓட்டி, அசையுந்தோறும் நிறம் மாறும் மயில்கழுத்துச் சேலையை அவர்கள் நெய்தனர். இராமர் பச்சைக்கு அரக்குக் கரை, மாம்பழ மஞ்சளுக்குச் சிவப்புக் கரை என இணைகள் தலைமுறை தலைமுறையாய் வழங்கிவருகின்றன. இல்லத்தரசியர் வண்ண அட்டையை மூடிவைத்துவிட்டுத் தம் சேலைப் பெட்டியைத் திறந்து பார்க்கட்டும். பல்லாண்டு உடுத்தியும் சலிக்காத சேலை எதுவோ, அதன் உடல் நிறத்தின் வெளிறிய சாயலைச் சுவருக்கும், கரையின் நிறத்தைத் தலையணை உறைக்கோ திரைக்கோ கொள்ளலாம். அந்த விகிதத்தையும் மறத்தலாகாது. கரை சிறிது, உடல் பெரிது. நைந்துபோன பருத்திச் சேலையையே திரையாகத் தைத்துக்கொண்டால் பொருத்தம் பார்க்கும் வேலையுமில்லை.

இனி, சுண்ணாம்பைப் பற்றிச் சிறிது விரிவாகவே எழுதுவோம். அதனை ஏழையர் பூச்சு என ஒதுக்குவது இப்பொழுது வழக்கமாகிவிட்டது. சுட்ட கல்லையோ கிளிஞ்சலையோ நீரிலிட்டு நீற்றி, ஓரிரவு வைத்திருந்து, துணியில் வடிகட்டி, சுவரில் ஒட்டுவதற்குப் பசையோ அரிசிக் கஞ்சியோ சேர்த்து, மட்டையால் அடிப்பது பழைய முறை. சுவரில் பூசிய சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை ஈர்த்து மீண்டும் கல்லாகவே மாறுகிறது. அடிக்கும்போது கண்ணாடி போல் மங்கித் தெரிவது, உலர உலர வெண்மை பெறுவதையும் காணலாம். கெட்டியாய் ஒரு முறை அடிப்பதைவிட நீர்க்க மூன்று முறை அடிப்பதே நிலைக்கும். கெட்டியாய் அடித்தது செதில் செதிலாய் உதிரும். அடிக்குமுன் சுவரை நனைத்துக்கொள்ள வேண்டும். கண்ணில் தெறித்தால் பெருந்தீங்கு விளையும். ஆதலின் சிறுவரை அருகில் விடலாகாது. முன்பே எமல்ஷன் பூசிய சுவரில் சுண்ணாம்பு பிடிக்காது என்பதையும் சொல்லிவிடுகிறோம்.

பழைய காரைவீடு உடையோர் ஒன்றை நினைவிற்கொள்ள வேண்டும். சுண்ணாம்புக் காரையால் எழுப்பிய சுவர் தரையிலிருந்து ஈரத்தை உறிஞ்சி, காற்றில் விட்டுக்கொண்டேயிருக்கும். அதன்மேல் நீராவி புகாத வண்ணத்தைப் பூசினால், வெளியேற வழியற்ற ஈரம் உள்ளேயே தங்கி, பூச்சைக் கொப்புளங்களாய்த் தள்ளி, காரையையும் அரித்துவிடும். "விலையுயர்ந்த வண்ணம் பூசினோம், இரண்டே மழையில் உப்பிவிட்டது" எனக் குறைகூறுவோர் பலரின் வீடு இத்தகையதே. அங்கே சுண்ணாம்பே தக்கது. அதற்கு நிறம் வேண்டின் காவியும் மஞ்சட்காவியும் கலக்கலாம். இம்மண் நிறங்கள் சுண்ணாம்பின் காரத்திலும் வெயிலிலும் கெடுவதில்லை.

வெண்மையை மேலும் எடுத்துக்காட்ட ஒரு சிட்டிகை நீலப்பொடி சேர்ப்பர். அந்நீலத்திற்கு ஒரு வரலாறு உண்டு. ஐரோப்பாவின் பழைய ஓவியங்களில் அன்னை மரியாவின் மேலாடை ஆழ்ந்த நீலமாயிருக்கக் காண்கிறோம். அந்நீலம் ஆப்கானிஸ்தானின் பதக்ஷான் மலைகளில் வெட்டியெடுத்த கல்லை அரைத்துப் பெற்றது. மிக அரிதாய் வந்தமையால் விலை மிக்கது. ஓவியர் அதனை மிகச் சிறந்த இடத்திற்கென ஒதுக்கி வைத்தனர். செயற்கையாய் அதனைச் செய்வோருக்குப் பிரான்சு நாட்டில் பரிசு ஒன்று அறிவிக்கப்பட்டது. களிமண், சோடா உப்பு, கந்தகம், கரி ஆகியவற்றைச் சேர்த்துச் சூடேற்றி அந்நீலத்தை உண்டாக்கிக் காட்டிய கிமே என்பவர் 1828-இல் அப்பரிசைப் பெற்றார். அதன் பின்னரே அந்த நிறம் விலை மலிந்து, சலவைக்கும் சுண்ணாம்புக்கும் வந்து சேர்ந்தது. மன்னரின் ஓவியர் அளந்து அளந்து பயன்படுத்திய பொருளை நாம் வாளியிலிட்டுக் கலக்குகிறோம்!

சுவரைவிடக் கதவு சாளரங்களில் எச்சரிக்கை மிகுதியாய் வேண்டும். மரத்திற்கும் கம்பிக்கும் பூசும் எண்ணெய் வண்ணங்களில், குறிப்பாகப் பளிச்சிடும் மஞ்சள், சிவப்பு, பச்சை ஆகியவற்றில், ஈயம் கலப்பது நெடுங்கால வழக்கமாயிருந்தது. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் நஞ்சு. இவ்வளவு உட்கொண்டால் தீங்கில்லை எனக் கூறத்தக்க அளவு எதுவும் அறியப்படவில்லை என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் கருத்து. வீட்டு வண்ணங்களில் பத்து இலட்சத்தில் 90 பங்குக்கு மேல் ஈயம் இருத்தலாகாது என நடுவணரசு 2016-இல் வகுத்த விதிகள், 2017 நவம்பர் முதல் நடைமுறையில் உள்ளன. டப்பாவின்மீது அக்குறிப்பு உள்ளதா எனப் பார்த்து வாங்குவது கடமை. ஆயின் நம் வீட்டுப் பழைய கதவில் அதற்கு முன்னர்ப் பூசிய அடுக்குகள் இருக்கின்றனவே! விழாவுக்கு முதல் வாரத்தில் அவற்றை உலர்ந்த நிலையில் தேய்த்து, அந்தத் துகள் படிந்த தரையிலேயே குழந்தையைத் தவழவிடுகிறோம். ஈரமாக்கித் தேய்க்கச் சொல்லுங்கள். குழந்தைகளையும் கருவுற்ற பெண்களையும் அன்று உறவினர் வீட்டிற்கு அனுப்பிவிடுங்கள். தரையைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள். உரியாமல் நன்றாய் ஒட்டியுள்ள பழைய பூச்சாயின் தேய்க்காமலே அதன்மேல் பூசுதல் மேல்.

இனிக் கைவேலைக்கு வருவோம். நம் மக்களிடையே இதற்குப் பெருமைமிக்க மரபுகள் உண்டு. நாகர்கோவிலில் 1820-களில் இலண்டன் மிஷன் சங்கத்து மார்த்தா மால்ட் அம்மையார் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்பித்தார். முளகுமூட்டிற்கு 1897-இல் பெல்ஜியத்திலிருந்து வந்த அன்னை மேரி லூயிஸ் தெ மீஸ்தர், ஆதரவற்ற சிறுமியருக்கு அடைக்கலம் தந்தார். அங்கும் ஊசிவேலையும் லேஸ் பின்னலும் பெண்களின் கைத்தொழிலாய் வளர்ந்தன. கூலி பெறும் ஒரு தொழில் பெண்ணின் கைக்கு வந்ததால் அவள் குடும்பத்தில் நிகழ்ந்த மாறுதலை இங்கு விரிக்க இடமில்லை. இன்று பொறியில் பின்னிய லேஸ் கெஜக்கணக்கில் கிடைக்கிறது. கையில் பின்னியதோ பாட்டியார் பெட்டியின் அடியில் மஞ்சள் பூத்துக் கிடக்கிறது. அதை எடுத்து, மெல்லிய சவர்க்கார நீரில் அலசி, நிழலில் உலர்த்தி, செபமாடத்தின் மேடையில் விரியுங்கள். வெள்ளைச் சுவரருகே வெண்லேஸின் நுணுக்கம் தெரியாது. அடியில் ஆழ்ந்த நீலமோ அரக்கோ ஆன துணி ஒன்றை விரித்தால் ஒவ்வொரு கண்ணியும் தெரியும். திருவுருவப் படங்கள் தாமே பல வண்ணம் கொண்டவை. அவற்றைச் சூழ மின்னும் தாள்களையும் வண்ண விளக்குகளையும் நெருக்கிவைப்பதில் நமக்கு உடன்பாடில்லை. ஒரு கிண்ணத்தில் நீரும், முற்றத்தில் பூத்த இரண்டு பூவும் போதும்.

தரைக்குப் பாய். திருநெல்வேலி மாவட்டத்துப் பத்தமடையில், தாமிரவருணிக் கரையில் விளையும் கோரையைப் பசுமையாய் அறுத்து, உலர்த்தி, கீறி, நீரில் ஊறவைத்து, மீண்டும் நுணுக்கமாய்க் கீறி, பருத்திப் பாவில் ஓட்டி நெய்கின்றனர். பெரும்பாலும் முஸ்லிம் குடும்பங்களின் கைவேலை இது. கோரையை எவ்வளவு மெல்லிதாய்க் கீறினரோ அவ்வளவுக்குப் பாய் துணிபோல் மடியும். நேர்த்தியான ஒன்றை நெய்து முடிக்க வாரக்கணக்கில் ஆகும். பட்டுப்பாய் என்றே அதனை அழைப்பர். மணமக்கள் பெயரை நெய்து தருவதும் வழக்கம். அத்தகைய பாயைத் தரையில் விரிக்க மனம் வராதாயின் சுவரில் தொங்கவிடலாம். அமைதியான சுவரின்மீது அதைவிடச் சிறந்த அணி வேறு வேண்டுவதில்லை. மடித்துவைத்தால் முறியும், சுருட்டியே வைக்கவேண்டும். நேர்வெயிலில் நெடுநேரம் காயவிட்டால் சாயமும் வெளிறும், கோரையும் நொறுங்கும்.

பனையோலைக்கு நம் கைகள் இன்னும் பழக்கப்பட்டவை. குருத்து ஞாயிறன்று ஓலையைக் கிழித்துச் சிலுவையும் கிளியும் பின்னாத பிள்ளை நம் பங்குகளில் உண்டோ? அதே விரல்கள் சற்றுப் பயின்றால் கூடையும் பெட்டியும் பின்னும். தூத்துக்குடி மாவட்டத்து மணப்பாட்டிலும், செட்டிநாட்டிலும் பெண்கள் இதனைக் கலையாகவே வளர்த்துள்ளனர்; செட்டிநாட்டுக் கொட்டான் புவிசார் குறியீடும் பெற்றுள்ளது. இளங்குருத்தை ஈர்க்கு நீக்கி வெயிலில் உலர்த்தினால் தந்த நிறம் பெறும். ஒரு பகுதியைச் சாயநீரில் கொதிக்கவைத்து எடுத்து, வெண்ணோலையோடு இணைத்துப் பின்னுவர். செய்தித்தாள் வைக்க, தையற்பொருள் வைக்க, வெங்காயம் வைக்க என வீட்டில் இவற்றுக்கு இடமில்லாத அறை இல்லை. மழைக்காலத்தில் மட்டும் பூசணம் பிடியாதவாறு காற்றோட்டமான இடத்தில் வைத்தல் வேண்டும்.

இங்கே ஒரு வார்த்தை. வண்ணக் கடையில் டப்பாவின் மேல் அச்சிட்ட விலையை மறுபேச்சின்றிக் கொடுத்துவிட்டு வருகிறோம். ஓலைக் கூடையைத் தலையில் சுமந்து வாசலுக்கு வரும் பெண்ணிடமோ அரைமணி நேரம் பேரம் பேசுகிறோம். அவள் ஓலை வாங்கியது, உலர்த்தியது, சாயமிட்டது, பின்னியது, வெயிலில் நடந்தது எல்லாம் அந்த விலைக்குள் அடக்கம். தாய்க்குக் கட்டுபடியாகாத தொழிலை மகள் கற்கமாட்டாள். பனை நிற்கும், குருத்தும் கிடைக்கும். பின்னுவதற்குக் கை இராது. சுவருக்கு இரண்டாம் தரமான வண்ணம் போதுமென முடிவு செய்து, மிச்சப்பட்ட தொகையில் ஒரு பாயோ இரு கூடையோ கேட்ட விலைக்கு வாங்கினால் இல்லமும் அழகுபெறும், அவள் அடுப்பும் எரியும்.

பிள்ளைகளின் கைக்கும் வேலை வேண்டுமன்றோ? விழாவுக்கு நெகிழியில் வார்த்த நட்சத்திரத்தை வாங்குவதற்கு மாறாக, மூங்கிலில் கட்டச் சொல்லுங்கள். ஒரே நீளமுள்ள பத்து மூங்கிற் சிம்புகள் வேண்டும். இரண்டடி நீளம் அளவானது. கையை எடுக்காமல் ஐந்து கோடுகளில் நட்சத்திரம் வரைவோமே, அவ்வாறே ஐந்து சிம்புகளை ஒன்றன்மேலொன்றாய் அமைத்து, ஐந்து முனைகளையும் நூலால் இறுகக் கட்டவேண்டும். மற்ற ஐந்திலும் அதேபோல் இன்னொன்று. இரண்டையும் ஒன்றன்மேலொன்று வைத்து முனையோடு முனை சேர்த்துக் கட்டியபின், நடுவே சிம்புகள் குறுக்கிடும் ஐந்து இடங்களிலும் நான்கு விரற்கடை நீளமுள்ள குச்சியை இரண்டு நட்சத்திரங்களுக்கும் இடையே நிறுத்தினால், நடுப்பகுதி புடைத்து நிற்கும். மைதாப் பசையால் மெல்லிய வண்ணத்தாளை ஒட்டி, பின்புறம் விளக்கு நுழைய ஒரு வழி விடவேண்டும். பகலில் கவர்ச்சியாய்த் தோன்றும் கருநீலமும் ஊதாவும் இரவில் ஒளியை விடாமல் இருண்டுபோகும். மஞ்சளும் வெள்ளையும் இளஞ்சிவப்புமே ஒளிரும். உள்ளே சூடேறாத சிறு எல்.இ.டி. விளக்கையே இடவேண்டும், பழைய குண்டுவிளக்கு தாளைக் கருக்கிவிடும். வாலுக்கு, மீந்த தாளை நறுக்கிக்கொள்ளலாம்.